சித்திரக்காரர் கிரான்வில்லும் செப்டெம்பர்ச் சட்டமும்

எழுத்தறியாதவனுக்கும் விளங்குவது சித்திரம். நூலொன்றைக் கையில் எடுக்கும் சிறுவன் முதலில் அதிலுள்ள படங்களையே தேடிப் புரட்டுகிறான். அவற்றைப் பார்த்து முடித்த பின்னரே எழுத்தின் பக்கம் திரும்புகிறான். கற்றறிந்த பெரியோரும் இவ்விடயத்தில் சிறுவரினின்றும் பெரிதும் வேறுபட்டவரல்லர். இவ்வாறு கண்வழியே உள்ளத்தை நேராகச் சென்றடையும் ஆற்றல் சித்திரத்துக்கு இருப்பதனாலேயே, ஆட்சியாளர் சிலர் எழுத்தைக் காட்டிலும் சித்திரத்துக்கு அதிகம் அஞ்சியிருக்கின்றனர். அந்த அச்சத்தின் வரலாறும், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பிரான்ஸ் தேசத்தில் வாழ்ந்த நூற்சித்திரக்காரர் ஒருவரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவர் பெயர் கிரான்வில். அன்பார்ந்த நேயர்களே, அவரைப் பற்றியே இன்று உங்களோடு பேசக் கருதுகிறேன்.

பிரான்சின் கிழக்குப் பகுதியிலே, லொரேன் மாகாணத்தின் பழைய தலைநகராகிய நான்சி நகரில், 1803ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ழான் இஞாஸ் இசிதோர் ழெரார் என்பதாகும். அவருடைய பாட்டனார் நாடக மேடையில் நடித்தவர். 'கிரான்வில்' என்பது அவர் மேடைக்கெனச் சூடிக்கொண்ட பெயர். பேரன் அப்பெயரைத் தன் சித்திரங்களுக்குக் கையொப்பமாக ஏற்றுக்கொண்டான். தந்தையார் சிற்றோவியம் வரைபவர். தந்தத் தகட்டிலும் தாளிலும் உள்ளங்கையளவான உருவப்படங்களைத் தீட்டி வாழ்க்கை நடத்தும் தொழில் அது. எனவே நுண்ணிய கோடும் நுண்ணிய பார்வையும் அச்சிறுவனுக்குக் குலச்சொத்தாகக் கிடைத்தன எனலாம். பிற்காலத்தில் அவர் வரைந்த ஒரு பூச்சியின் காலிலும், ஒரு பறவையின் இறகிலும் அந்தப் பயிற்சியின் அடையாளத்தைக் காண்கிறோம்.

இருபது வயதைக் கடந்த பருவத்தில் அவர் பாரிஸ் நகரம் புகுந்தார். அக்காலத்தில் அந்நகரிலே புதியதோர் அச்சுக்கலை பரவிக்கொண்டிருந்தது. அதுவே கல்லச்சு. செனபெல்டர் என்ற ஜெர்மானியர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டுபிடித்த முறை அது. எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்ற எளிய உண்மையே அதன் அடிப்படை. வழவழப்பாக்கிய சுண்ணக் கல்லின்மீது கொழுப்புக் கலந்த மைக்கோலாற் சித்திரத்தை வரைந்து, கல்லைத் தண்ணீரால் நனைத்துப் பின் அச்சுமையை உருட்டினால், மை கோட்டின்மீது மட்டும் பற்றும். ஈரமான இடத்தில் ஒட்டாது. செப்புத் தகட்டிலே வாரக்கணக்காகக் குடைந்து வேலை செய்யும் நிலை இதனால் நீங்கியது. காலையில் வரைந்த படம் மாலையிற் கடைக்கு வரலாயிற்று. பத்திரிகையின் வேகத்துக்கு ஈடுகொடுக்கக்கூடிய சித்திரக்கலை உலகில் முதன்முதலாகத் தோன்றியது இவ்வாறேயாம்.

கிரான்வில்லின் பெயரை ஊரறியச் செய்தது 1829ஆம் ஆண்டளவில் வெளிவந்த ஒரு சித்திர வரிசை. 'இக்கால உருமாற்றங்கள்' என்பது அதன் தலைப்பு. எழுபதுக்கு மேற்பட்ட அந்த வண்ணப் படங்களில் மனித உடல்களின்மீது விலங்குகளின் தலைகள் பொருத்தப்பட்டிருந்தன. பாரிஸ் நகரத்து வரவேற்பறைகளிலும் கடைகளிலும் காரியாலயங்களிலும் காணக்கூடிய மனிதர்கள், அதே உடை, அதே நடை, அதே பாவனையோடு காட்சியளித்தனர். முகம் மாத்திரம் நரியாகவோ கழுதையாகவோ கழுகாகவோ இருந்தது. பார்த்தவர் சிரித்தனர். சிரித்தபின், அந்த முகம் தமக்குத் தெரிந்த எவருடையது என்று யோசிக்கவும் தொடங்கினர்.

இந்தச் சிரிப்பு அரசியலிற் புகுவதற்கு அதிக காலம் செல்லவில்லை. 1830ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் பத்தாம் சார்ள்ஸ் மன்னர் பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்திவைத்துக் கட்டளைகள் பிறப்பித்தார். பாரிஸ் மக்கள் மூன்று நாட்கள் வீதிகளில் அரண் அமைத்துப் போராடி அவரை அரியணையினின்றும் இறக்கினர். அவருக்குப் பின் லூயி பிலிப் மன்னரானார். பத்திரிகைச் சுதந்திரத்தின் பெயரால் எழுந்த புரட்சியின் பயனாகப் பதவி பெற்றவராதலின், புதிய அரசியல் சாசனத்திலே அச்சுதந்திரத்துக்கு இடமளிக்க வேண்டியதாயிற்று. பிரெஞ்சு மக்கள் தம் கருத்துக்களை அச்சிட்டு வெளியிடும் உரிமை உடையவர் என்றும், தணிக்கை இனி ஒருபோதும் மீண்டும் நிறுவப்படமாட்டாது என்றும் அந்தச் சாசனத்தின் ஏழாம் பிரிவு உறுதி கூறியது. நேயர்கள் இந்த உறுதிமொழியை நினைவில் வைத்திருத்தல் வேண்டும். 'கருத்துக்கள்' என்ற ஒரு சொல் பின்னர் பெரிய வழக்குக்கு இடமாயிற்று.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் ஷார்ள் பிலிப்போன் என்பவர் 'லா கரிக்கத்யூர்' என்ற கேலிச்சித்திர வார இதழைத் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளின் பின் 'லெ ஷரிவரி' என்ற நாளிதழையும் ஆரம்பித்தார். பிலிப்போன் சித்திரம் வரையத் தெரிந்தவர். அதனினும் மேலாகச் சித்திரக்காரரைக் கண்டறியும் திறன் வாய்ந்தவர். ஒனோரே தோமியே என்ற இளைஞரும் கிரான்வில்லும் அவருடைய இதழின் இரு தூண்களாயினர். பின்னாளில் உலகப் புகழ் எய்திய நாவலாசிரியர் பல்சாக்கும் தொடக்க காலத்தில் புனைபெயர்களில் அவ்விதழுக்கு எழுதியிருக்கிறார்.

புதிய மன்னர் தம்மை மக்களின் மன்னர் என்று கூறிக்கொண்டாராயினும், ஆட்சி வரவரச் செல்வந்தரின் ஆட்சியாகவே மாறிற்று. அதனைச் சித்திரங்கள் இடித்துரைத்தன. அரசாங்கம் வழக்குத் தொடுத்தது. 1831ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட பிலிப்போன், ஒரு தாளை எடுத்து நான்கு படங்களை வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் முகம். இரண்டாவதில் அது சற்றே மாறுகிறது. மூன்றாவதில் மேலும் மாறுகிறது. நான்காவது வெறும் பேரிக்காய். ஒன்று மற்றொன்றைப் போல இருக்கிறது என்பதற்காகத் தண்டிப்பதாயின், இறுதியிற் பேரிக்காயையும் தண்டிக்க வேண்டி வருமே என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அவருக்கு ஆறு மாதச் சிறையும் 2000 பிராங்க் அபராதமும் விதித்தது. ஆயினும் அந்நாள் முதற்கொண்டு பேரிக்காய் மன்னரின் சின்னமாயிற்று. பாரிஸ் நகரத்துச் சுவர்களிலெல்லாம் சிறுவர்கள் கரிக்கட்டியால் பேரிக்காய் வரையத் தொடங்கினர்.

கிரான்வில்லின் கேலி வேறொரு வகையானது. அதிற் சிரிப்பினடியிலே ஒரு கசப்பு இருக்கும். 1831ஆம் ஆண்டில் போலந்து மக்களின் எழுச்சியை ருஷ்யப் படை நசுக்கி வார்சா நகரைக் கைப்பற்றியது. அதனைப் பிரெஞ்சு மந்திரி ஒருவர் சட்டசபையில் அறிவித்தபோது, வார்சாவில் ஒழுங்கு நிலவுவதாகக் கூறினார். கிரான்வில் அந்தச் சொல்லையே தலைப்பாக எடுத்துக்கொண்டு, பிணங்களின் நடுவே அமைதியாக நிற்கும் ஒரு ருஷ்யப் படைவீரனை வரைந்தார். அத்துடன் நிற்கவில்லை. பாரிஸ் நகரிலும் ஒழுங்கு நிலவுகிறது என்று துணைச் சித்திரம் ஒன்றையும் வெளியிட்டார். அதிலே தன் வாளில் உள்ள இரத்தத்தைத் துடைக்கும் பொலிஸ்காரன் ஒருவன் காணப்பட்டான். பொலிசார் அச்சித்திரத்தையும் சித்திரக்காரரையும் தேடிவந்ததில் வியப்பில்லை.

இவ்விதழ்களின் செல்வாக்குக்குக் காரணம் அவற்றை விலைகொடுத்து வாங்கியோர் தொகையன்று. 'லா கரிக்கத்யூர்' இதழின் ஆண்டுச் சந்தா 52 பிராங்க். கூலித் தொழிலாளி ஒருவனுக்கு அது எட்டாத தொகை. ஆயினும் அச்சித்திரங்களை விற்கும் கடை நகரின் கடைவீதி ஒன்றில் இருந்தது. அதன் கண்ணாடிச் சாளரத்திலே புதிய படங்கள் தொங்கவிடப்படும். வேலைக்குச் செல்வோரும் வேலை முடிந்து திரும்புவோரும் அங்கே கூடி நின்று பார்ப்பர். ஒருவர் மற்றொருவருக்கு விளக்கம் சொல்வர். எழுத்து வாசிக்கத் தெரியாதவனும் அந்தக் கூட்டத்தில் அரசியல் கற்றான். அரசாங்கத்தின் அச்சமெல்லாம் அந்தச் சாளரத்தைப் பற்றியதே என்றாலும் மிகையாகாது. வழக்குகளும் அபராதங்களும் பெருகியபோது, அபராதப் பணத்தைத் திரட்டுவதற்கென்றே பிலிப்போன் மாதந்தோறும் பெரிய அளவிலான சித்திரம் ஒன்றை வெளியிட்டுச் சந்தா சேர்த்தார். கிரான்வில் அதற்கும் வரைந்தளித்தார்.

1835ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் திகதி, புரட்சியின் நினைவு விழாவில் மன்னர் படை அணிவகுப்பைப் பார்வையிட்டுச் சென்றபோது, பியெஸ்கி என்பவன் 25 துப்பாக்கிக் குழல்களை ஒன்றாகப் பிணைத்த ஒரு பொறியை மாடிச் சாளரத்திலிருந்து இயக்கினான். 18 பேர் மாண்டனர். மன்னர் சிறு காயத்துடன் தப்பினார். இக்கொடுஞ்செயலுக்கும் கேலிச்சித்திரத்துக்கும் நேரான தொடர்பு எதுவும் இருந்ததில்லை. எனினும், மன்னரை நாள்தோறும் இழிவுசெய்த பத்திரிகைகளே கொலைக்கு வழி அமைத்தன என்று அரசாங்கம் கூறிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி புதிய சட்டம் நிறைவேறியது. வரலாற்றில் 'செப்டெம்பர்ச் சட்டங்கள்' என்று பெயர் பெற்றவற்றுள் அது ஒன்று. அதன்படி, எந்தச் சித்திரமும், செதுக்குப் படமும், கல்லச்சுப் படமும், பதக்கமும் பாரிசில் உள்நாட்டு மந்திரியின் முன் அனுமதியின்றியும், மாகாணங்களில் அதிபரின் முன் அனுமதியின்றியும் வெளியிடப்படவோ காட்சிக்கு வைக்கப்படவோ விற்கப்படவோ கூடாது.

தணிக்கை ஒருபோதும் மீளாது என்று சாசனம் கூறியிருக்க, இது எவ்வாறு இயன்றது? இங்கேதான் 'கருத்து' என்ற சொல் வழக்காடு பொருளாயிற்று. நீதி மந்திரி பெர்சில் சட்டசபையில் முன்வைத்த வாதம் இது: சாசனம் காப்பது கருத்துக்களை. எழுத்து கருத்தாகும், அது அறிவை நோக்கிப் பேசுகிறது. சித்திரமோ கண்ணை நோக்கிப் பேசுகிறது, உணர்ச்சியைத் தூண்டுகிறது, எனவே அது கருத்து என்ற எல்லையைத் தாண்டிச் செயலாகிவிடுகிறது. செயலைத் தடுக்க அரசுக்கு உரிமை உண்டு. இவ்வாறு எழுத்துக்கு ஒரு நீதியும் சித்திரத்துக்கு வேறொரு நீதியும் வகுக்கப்பட்டன. நேயர்களே, சித்திரத்தை இழிவுபடுத்துவதற்கெனக் கூறப்பட்ட இந்த வாதத்திலே, சித்திரத்தின் வலிமையைப் பற்றிய மிகப் பெரிய பாராட்டும் அடங்கியிருப்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். வாளுக்கு அஞ்சுவோரே அதற்கு உறை தேடுவர்.

சட்டம் வருவதை அறிந்த 'லா கரிக்கத்யூர்' ஆகஸ்ட் மாத இறுதியிலேயே தன் வெளியீட்டை நிறுத்திக்கொண்டது. தோமியே சமூக வாழ்வின் போலிகளைக் கேலி செய்யும் சித்திரங்களுக்குத் திரும்பினார். முப்பத்திரண்டு வயதை எட்டிய கிரான்வில் என்ன செய்தார்? அவர் நூல்களின் பக்கம் திரும்பினார். அரசியற் சித்திரத்துக்கு அடைபட்ட கதவு, நூற்சித்திரத்துக்கு ஒரு பெருவாயிலைத் திறந்துவிட்டது.

அந்த வாயில் திறப்பதற்குச் சட்டம் மாத்திரம் காரணமன்று. அச்சுத்தொழிலில் நேர்ந்த ஒரு மாற்றமும் காரணமாகும். செப்புத் தகட்டுப் படத்தையும் கல்லச்சுப் படத்தையும் எழுத்தோடு சேர்த்து அச்சிட இயலாது. அவற்றுக்குத் தனி இயந்திரம் வேண்டும்; தனித் தாளில் அடித்துப் பின் நூலினிடையே ஒட்டவேண்டும். இங்கிலாந்திலே தோமஸ் பியூவிக் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார். வைரம் பாய்ந்த பெட்டிமரத்தைக் குறுக்கே அறுத்து, அந்த வெட்டுமுகத்தை மெருகேற்றி, செப்புத் தகடு குடையும் கூரிய உளியால் அதிற் செதுக்கினார். கோடுகள் மேலெழுந்து நிற்கும். வெண்மையாகத் தோன்றவேண்டிய இடங்கள் குடைந்தெடுக்கப்படும். அந்தக் கட்டையின் உயரம் அச்செழுத்தின் உயரமேயாகையால், எழுத்துக்களோடு ஒரே சட்டத்திற் பூட்டி ஒரே அழுத்தத்தில் அச்சிடலாம். 1833ஆம் ஆண்டில் எதுவார் ஷார்தோன் தொடங்கிய 'மகசேன் பித்தொரெஸ்க்' என்ற பத்துச் சந்தீம் விலையுள்ள வார இதழ் இம்முறையினாலேயே சாமானியர் வீடுகளிலும் படங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. புத்தக வெளியீட்டாளரும் இதனைப் பின்பற்றி, பெரிய நூல்களைச் சிறு சிறு பகுதிகளாகப் படங்களுடன் வெளியிட்டு, வாசகர் தவணை முறையில் வாங்க வகைசெய்தனர்.

இவ்விடத்தில் மரச்செதுக்காளரையும் நாம் மறத்தலாகாது. சித்திரக்காரர் வரைந்து கொடுக்கும் மயிரிழை போன்ற கோடுகளைச் சுற்றியுள்ள மரத்தை அணு அணுவாகக் குடைந்தெடுப்போர் அவர்களே. கை ஒருமுறை தவறினால் பல நாள் உழைப்பு வீணாகும். கிரான்வில்லின் கோடு மிக நுண்ணியதாகையால் அவருக்குச் செதுக்குவது கடினமான பணியாயிற்று. பிரெவியேர் முதலிய தேர்ந்த கைவினைஞர் அதனைச் செய்து கொடுத்தனர். படத்தின் மூலையிற் சிற்றெழுத்தில் அவர்களுடைய கையொப்பமும் காணப்படும்.

கிரான்வில்லின் நூற்சித்திரங்களுள் தலையாயது, 1838ஆம் ஆண்டில் பூர்ணியே என்ற வெளியீட்டாளர் அச்சிட்ட லா பொந்தேனின் நீதிக்கதைகள் ஆகும். லா பொந்தேன் பதினேழாம் நூற்றாண்டில், பதினான்காம் லூயி மன்னரின் காலத்தில் வாழ்ந்த கவிஞர். அரசவையின் அக்கிரமங்களை நேரே சொல்ல இயலாத அக்காலத்தில், சிங்கத்தையும் ஓநாயையும் நரியையும் பேசவைத்துத் தாம் கருதியதைச் சொன்னவர். மனிதனை விலங்காக வரைந்து பழகிய கிரான்வில்லுக்கு இதனினும் பொருத்தமான நூல் வேறு கிடைத்திருக்க முடியாது. ஒவ்வொரு கதைக்கும் ஒரு முழுப்பக்கச் சித்திரம் என்ற கணக்கில், 1838இல் 120 படங்களும் பின்னர் மேலும் 120 படங்களும் வெளிவந்தன.

அவற்றுள் முதற்கதையின் படத்தை மாத்திரம் எடுத்துக்கொள்வோம். கோடை முழுவதும் பாடித் திரிந்த பூச்சி, குளிர்காலத்தில் எறும்பின் வாயிலில் வந்து இரக்கிறது. கிரான்வில்லின் கையில் அந்தப் பாடகப் பூச்சி, கிற்றாரை ஏந்திய ஏழைத் தெருப்பாடகியாகிறது. எறும்பு, எதையும் எண்ணிச் செலவிடும் இல்லத்தரசியாகிறது. பூச்சியின் உடலமைப்பு இயற்கைநூற் புத்தகத்தில் உள்ளது போலப் பிழையின்றி இருக்கிறது. நிற்கும் நிலையோ பாரிஸ் நகரத்து வீதியிற் கண்டதாக இருக்கிறது. கதையின் நீதி எறும்பின் பக்கமாயினும், படத்தைப் பார்ப்பவர் உள்ளம் பாடகியின் பக்கம் சாய்ந்துவிடுவதுண்டு. தணிக்கை அதிகாரி இதில் எதனைத் தடுக்க முடியும்? பள்ளிச் சிறுவர் மனனம் செய்யும் பழங்கவிஞனின் நூலாயிற்றே! சட்டத்தின் பிடியில் அகப்படாமல், செல்வமும் வறுமையும் எதிரெதிரே நிற்கும் காட்சியை வீடுதோறும் கொண்டுசெல்ல அப்பழங்கவிஞன் துணைநின்றான்.

இந்தக் கதைகளிற் சிலவற்றை நம்மவரும் பாட்டிமாரிடம் கேட்டு வளர்ந்திருக்கின்றனர். அது தற்செயலன்று. வடமொழிப் பஞ்சதந்திரம் ஆறாம் நூற்றாண்டிற் பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் 'கலீலா வ திம்னா' என்ற பெயரில் அரபு மொழியை அடைந்து, பின் ஐரோப்பிய மொழிகளிற் பரவியது. 1678ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டாம் தொகுதியின் முன்னுரையில், தம் கதைகளிற் பெரும்பகுதிக்குப் பில்பாய் என்னும் இந்திய ஞானிக்குக் கடன்பட்டிருப்பதாக லா பொந்தேன் நன்றியுடன் குறிப்பிடுகிறார். கிரான்வில் பாரிசில் இளைஞராக இருந்த 1826ஆம் ஆண்டில், தென்னிந்தியாவிற் பல்லாண்டு வாழ்ந்து திரும்பிய துபுவா அடிகளார் பஞ்சதந்திரக் கதைகளையும், வீரமாமுனிவர் தமிழில் எழுதிய பரமார்த்த குருவின் கதையையும் பிரெஞ்சு மொழியில் அந்நகரிலேயே வெளியிட்டார் என்பதும் நினைவுகூரத் தக்கது. விலங்கின் வாயால் மனிதனுக்குப் புத்தி சொல்லும் வழக்கம் கீழ்த்திசைக்கும் மேல்திசைக்கும் பொதுச்சொத்தாக இருந்து வந்திருக்கிறது.

லா பொந்தேனை அடுத்து, 'கலிவரின் யாத்திரை', 'ரொபின்சன் குரூசோ' முதலிய நூல்கள் அவருடைய சித்திரங்களோடு வெளிவந்தன. 1840ஆம் ஆண்டு முதல் எட்செல் என்ற வெளியீட்டாளர் 'விலங்குகளின் அந்தரங்க வாழ்வும் பொது வாழ்வும்' என்ற நூலைப் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். பாரிஸ் விலங்குச்சாலையில் உள்ள மிருகங்கள் இரவிற் கூட்டம் கூடி, மனிதர் தம்மைப் பற்றி எழுதியதெல்லாம் பொய் என்று தீர்மானித்து, தம் வரலாறுகளைத் தாமே எழுதத் துணிவதாகக் கற்பனை. பல்சாக், ஜோர்ஜ் சான்ட், மியூசே போன்ற முதல்தர எழுத்தாளர் அதற்கு எழுதினர். எனினும் அந்நூலை ஒன்றுபடுத்தியவர் கிரான்வில்லே. விலங்குகளின் அந்தச் சட்டசபையைப் பார்த்த பிரெஞ்சு வாசகன், தன் நாட்டுச் சட்டசபையை நினையாமல் இருந்திருப்பானா?

ஆயினும் நூற்சித்திரக்காரர் என்ற நிலையில் ஒரு குறை அவரை உறுத்திற்று. எழுத்தாளன் முன்னே நடக்கிறான். சித்திரக்காரன் பின்னே செல்கிறான். இவ்வரிசையை மாற்ற வேண்டும் என்று அவர் விரும்பினார். 1844ஆம் ஆண்டில் வெளிவந்த 'மற்றோர் உலகம்' என்ற நூல் இவ்விருப்பத்தின் விளைவு. அதன் தொடக்கத்திலேயே பென்சிலும் பேனாவும் வாதாடுகின்றன. இதுவரை நீ இட்ட வழியில் நான் நடந்தேன். இனி என் வழியில் நான் செல்வேன், நீ கண்டதை எழுது என்ற பொருள்பட பென்சில் பேசுகிறது. சித்திரங்களைக் கிரான்வில் தம் எண்ணப்படி வரைந்தார். அவற்றுக்கேற்பத் தாக்சில் தெலோர் என்ற எழுத்தாளர் உரை வகுத்தார். கோளுக்குக் கோள் இரும்புப் பாலம் அமைந்திருக்கிறது. சனிக் கோளின் வளையம் இரும்பு மாடமாகி, அங்கு வாழ்வோர் மாலையிற் காற்று வாங்க உலாவுகின்றனர். ஒரு வித்தைக்காரன் உலகங்களைப் பந்துகளாக எறிந்து பிடிக்கிறான். சீட்டுக்கட்டிலுள்ள அரசரும் வீரரும் படையெடுத்துப் போர் புரிகின்றனர். 'அலிஸின் அற்புத உலகம்' என்ற ஆங்கில நூலிலே சீட்டுக்கட்டு மாந்தர் உயிர்பெற்று வருவதற்கு இருபத்தோராண்டு முந்தியது இது. இரும்புப் பாலமும் புகைவண்டியும் விளம்பரமும் பெருகிவந்த அக்காலத்தில், இயந்திரம் ஆகாயத்தையும் ஆளவந்தால் எவ்வாறு இருக்கும் என்று அவர் கண்ட பகற்கனவே அந்நூல்.

அது விற்பனையில் வெற்றி பெறவில்லை. லா பொந்தேனை விரும்பி வாங்கிய வாசகர் இதனைக் கண்டு திகைத்தனர். பழகிய கதைக்குப் படம் வேண்டுமென்று கேட்ட உலகம், படத்திலிருந்தே கதை பிறப்பதை ஏற்க அப்போது ஆயத்தமாக இருந்ததில்லை.

அவருடைய இல்வாழ்க்கையும் துயரம் நிறைந்ததாகவே இருந்தது. 1833ஆம் ஆண்டில் தம் உறவினரான ஆன்ரியெத் பிஷெர் என்ற பெண்ணை மணந்தார். மூன்று ஆண்மக்கள் பிறந்தனர். இருவர் இளமையிலேயே மாண்டனர். அவருள் ஒரு குழந்தை உணவுத் துண்டு தொண்டையிற் சிக்கிப் பெற்றோர் கண்முன்னே உயிர் நீத்தது. 1842ஆம் ஆண்டில் மனைவியும் காலமானார். அடுத்த ஆண்டு மறுமணம் செய்துகொண்டார். 1845இல் அர்மான் என்ற மகன் பிறந்தான். 1847ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முதல் மனைவியின் எஞ்சிய ஒரே மகனும் இறந்தான். இத்தனை இழப்புக்களின் நடுவிலும் அவர் கை ஓயவில்லை. மலர்கள் தேவதையிடம் சென்று, கவிஞர்கள் எங்களை உவமையாக்கியது போதும், நாங்கள் பெண்களாகி மனித வாழ்வை வாழ்ந்து பார்க்க விரும்புகிறோம் என்று வேண்டுவதாக அமைந்த 'உயிர்பெற்ற மலர்கள்' என்ற வண்ணச் சித்திர நூல் அந்த 1847ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதன் மென்மையைக் காண்போர், அது எத்தகைய நாட்களில் வரையப்பட்டது என்று ஊகிக்கவும் மாட்டார்.

அவர் இறுதியாக வரைந்தவை கனவுகள். 'மகசேன் பித்தொரெஸ்க்' இதழின் ஆசிரியர் ஷார்தோனுக்கு இரண்டு கனவுச் சித்திரங்களை அனுப்பினார். ஒன்றில், கொலை செய்த ஒருவனை ஒரு கண் பின்தொடர்கிறது. அவன் ஓட ஓட அக்கண் பெரிதாகி, கடலில் வீழ்ந்தபோது மீனின் வடிவில் அவனைத் துரத்துகிறது. ஓர் உருவம் உருகி மற்றோர் உருவமாவதே அப்படங்களின் இயல்பு. உறக்கத்தில் மனம் பொருள்களை எவ்வாறு ஒன்றோடொன்று கோத்துக்கொள்கிறது என்பதை அவர் காட்ட முயன்றார். அவை அச்சேறியபோது அவர் உயிரோடில்லை.

1847ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் திகதி, பாரிசை அடுத்த வான்வ் என்னும் இடத்திலுள்ள மனநோய் மருத்துவமனை ஒன்றில் அவர் உயிர் நீத்தார். வயது 43. தம் விசித்திர உருவங்களாலேயே அவர் பித்துப் பிடித்து இறந்தார் என்று பலர் எழுதினர். அக்கதை நெடுங்காலம் நிலைத்தது. பின்வந்த ஆராய்ச்சியாளர் இதனை மறுத்துள்ளனர். இறுதி மாதங்களில் அவர் செய்த வேலை தெளிவான அறிவோடு செய்யப்பட்டது என்றும், துயரத்தால் நலிந்த உடலைத் தொண்டை நோய் பற்றியதே மரணத்துக்குக் காரணமாகலாம் என்றும் அவர்கள் கூறுவர். சேன் மாந்தே என்னுமிடத்திலுள்ள இடுகாட்டில், முதல் மனைவியும் மக்களும் துயிலும் இடத்திலேயே அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரைப் பற்றிய தீர்ப்பு காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. கவிஞர் போதலேர் 1857ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், அவருடைய உலகினுட் புகுவது, தலைகீழாக அடுக்கிவைக்கப்பட்ட வீட்டினுட் புகுவது போன்ற அச்சத்தைத் தருவதாகக் குறை கூறினார். இருபதாம் நூற்றாண்டில் கனவையே கலைக்குப் பொருளாகக் கொண்ட சர்ரியலிச ஓவியர், அவர் குறையென்று கண்டதையே நிறைவென்று கண்டனர். அவருள் ஒருவரான மக்ஸ் ஏர்ண்ஸ்ட், 1963இல் 'மற்றோர் உலகம்' மறுபதிப்பான போது அதற்கு முகப்புச் சித்திரம் வரைந்து மரியாதை செய்தார். 1991ஆம் ஆண்டில் 'குயின்' என்ற ஆங்கில இசைக்குழு தன் இசைத்தட்டின் உறையில் உலகங்களை எறிந்து பிடிக்கும் அந்த வித்தைக்காரனைப் பயன்படுத்தியது. விற்பனையாகாத நூலின் படம், ஒன்றரை நூற்றாண்டின் பின் உலகெங்கும் இலட்சக்கணக்கான இல்லங்களைச் சென்றடைந்தது.

அவரைத் துரத்திய சட்டம் என்னவாயிற்று? அவர் இறந்து ஓராண்டு கழியுமுன், 1848ஆம் ஆண்டு பெப்ரவரிப் புரட்சியில் லூயி பிலிப் மன்னர் அரியணை இழந்தார். அடுத்த மாதமே செப்டெம்பர்ச் சட்டம் நீக்கப்பட்டது. ஆயினும் 1852இல் சித்திரத் தணிக்கை மீண்டும் உயிர்பெற்றது. 1881ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் திகதிச் சட்டமே பிரான்சில் அதற்கு முடிவு கட்டியது. எழுத்தும் சித்திரமும் சட்டத்தின்முன் சமமாவதற்கு, சாசனத்தின் உறுதிமொழிக்குப் பின் அரை நூற்றாண்டு வேண்டியிருந்தது.

கிரான்வில் சட்டத்துக்குப் பணிந்தாரா, அன்றி அதனை வென்றாரா என்று நேயர்கள் கேட்கலாம். இரண்டும் உண்மை என்றே தோன்றுகிறது. மன்னரின் முகத்தை வரைவதை அவர் கைவிட்டார், அது பணிவு. ஆனால் 1835க்கு முன் அவர் வரைந்த மந்திரிகளின் முகங்களை இன்று அடையாளம் காண வரலாற்றாசிரியரின் துணை வேண்டும். அதற்குப் பின் அவர் வரைந்த நரியையும் எறும்பையும் எந்த நாட்டுக் குழந்தையும் பார்த்தவுடன் அறிந்துகொள்கிறது. குறிப்பிட்ட ஒரு மன்னனைக் கேலி செய்ய இயலாத நிலையில், எக்காலத்து அதிகாரத்துக்கும் எக்காலத்துப் பேராசைக்கும் பொருந்தும் முகங்களை அவர் தீட்டினார். அதற்காகத் தணிக்கைக்கு நாம் நன்றி கூறவேண்டியதில்லை. அடைக்கப்பட்ட கதவின் பெருமையன்று அது. வேறு வழி தேடிய கையின் பெருமை. அவருடைய நூல்களிற் சில இன்றும் மறுபதிப்பாகி வருகின்றன. வாய்ப்பு நேரும்போது அவற்றிலொன்றைப் புரட்டிப் பாருங்கள். முதலிற் சிரிப்பு வரும். அதன்பின் அந்த முகத்தை எங்கோ கண்டிருக்கிறோமே என்ற எண்ணமும் உங்களுக்கு எழக்கூடும்.